காதலுக்கு முன்னால் தேதி: சரித்திரக் காதல் நாவல் எழுதத் தொடங்குவோருக்கு

சொந்தக் காலில் நிற்க நினைக்கும் ஒரு பெண், அவளுக்கு ஒரு காதல், பின்னணியில் பழைய காலம். இப்படித் தொடங்கும் கைப்பிரதிகள் பல பத்தாம் அத்தியாயத்தில் படுத்துவிடுகின்றன. அவளை எது தடுக்கிறது என்று கேட்டால் எழுதுகிறவர் "சமூகம்" என்பார். சமூகம் வந்து கதவைச் சாத்தாது. மாமியார் சாத்துவார், மூத்தார் (கணவனின் அண்ணன்) சாத்துவார், கோர்ட் சாத்தும். யார், எந்தத் தேதியில் என்பது தெரிந்தால்தான் காட்சி எழுத வரும்.

ஒரே உதாரணத்தை எடுத்துக் கடைசிவரை கட்டிப் பார்ப்போம்: தஞ்சாவூர் ஜில்லா, மிராசுதார் பிராமணக் குடும்பம், 21 வயது விதவை, குழந்தை இல்லை. (மகன் இருந்தால் பங்குக் கணக்கே வேறு.) சாதியைச் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது விதவை மறுமணம், இருந்த சாதிகளில் இந்தக் கதைக்கு முடிச்சே விழாது.

படி 1: கணவன் இறந்த தேதியைக் குறியுங்கள்

"1930-கள்" போதாது. இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது 1937 ஏப்ரல் 14. அதற்கு முன் அவன் இறந்திருந்தால், கூட்டுக் குடும்பச் சொத்தில் அவன் பங்கு அண்ணனோடு சேர்ந்துவிடும். அவளுக்கு ஜீவனாம்சம் மட்டும், அதாவது சோறும் துணியும். அதற்குப் பின் இறந்திருந்தால் அவன் இடத்தில் அவள் நிற்கலாம். பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போடலாம். நம் கதைக்கு ஜூன் 1937.

கிடைத்த உரிமையிலும் மூன்று பூட்டுகள்:

ஒன்று, அது மட்டுப்பட்ட உரிமை. குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம். தக்க அவசியம் இல்லாமல் விற்க முடியாது. அவள் காலத்துக்குப் பின் கணவனின் வாரிசுகளுக்கே திரும்பும்.

இரண்டு, மறுமணம். விதவை மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் வருஷச் சட்டமே, மறுமணம் செய்தவளுக்கு முதல் கணவன் சொத்தில் உரிமை இல்லை என்றும் சொன்னது.

மூன்று, நிலம். 1937 சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. மதராஸ் ராஜதானியில் அது நிலத்துக்கும் நீட்டப்பட்டது 1947-இல்தான்.

இரண்டாவது பூட்டுதான் உங்கள் நாவல். காதலனைக் கைப்பிடித்தால் வீடு போகும். வீட்டை வைத்துக்கொண்டால் அவன் இல்லை. இதைவிட நல்ல முடிச்சைக் கற்பனையில் தேடி அலைய வேண்டாம்.

படி 2: காதலனுக்கு ஒரு கட்டுப்பாடு கொடுங்கள்

நல்லவன், படித்தவன், கதர் உடுத்துபவன் என்று நிறுத்தினால் அவன் காலண்டர் படம். பாகம் பிரிக்க உத்தரவான பிறகு, சொத்தை அளந்து அறிக்கை கொடுக்க கோர்ட் ஒரு கமிஷனரை நியமிக்கும். வழக்கமாக ஒரு வக்கீல். அவனையே நாயகனாக்குங்கள். அவன் இரண்டு தரப்புக்கும் பொதுவானவன். அவள் பக்கம் சாய்ந்ததாகத் தெரிந்தால் மூத்தார் ஆட்சேபணை போடுவார், அறிக்கை தள்ளுபடியாகலாம். அவள் பங்கில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிக்கக்கூட அவன் யோசிக்க வேண்டும்.

வேறு சாதிக்காரன் என்றால் 1872 விசேஷத் திருமணச் சட்டத்தின் கீழ், 1923 திருத்தப்படி, பதிவுத் திருமணம். சுயமரியாதைத் திருமணம் செய்துவைக்க ஆசைப்பட்டால், 1967-இல் வந்த சட்டத் திருத்தம்வரை கோர்ட் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 3: முப்பது அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 2,000 வார்த்தை

சாவிலிருந்து வக்கீல் நோட்டீஸ்வரை 6. வழக்கும் அவள் ஆசிரியைப் படிப்பும் 8. அளவெடுப்பும் காதலும் 8. நிலம் கைநழுவுவது 3. குண்டு பயத்தில் சென்னை காலியான 1942-க்கு 5. நிலம் கைநழுவ வேண்டுமென்றால் மூத்தாரின் அப்பீல் 1941-இல் நிலுவையில் இருந்தாக வேண்டும். அப்பீல் இல்லாமல் தீர்ப்பு முடிந்துபோயிருந்தால் ஃபெடரல் கோர்ட் சொன்னது அவளைத் தொடாது. இந்த ஒரு கண்ணி விட்டுப்போனால் வக்கீல் வாசகர் ஒருவர் கடிதம் எழுதுவார்.

படி 4: அவள் சம்பளம், அவன் வாய் திறப்பதற்கு முன்

ஆசிரியைப் பயிற்சிதான் அன்றைக்குக் கைக்கெட்டிய வழி. விதவைகளின் கல்விக்கு உழைத்த சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில் 1912-இல் தொடங்கி, பின்னர் சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்த இளம் விதவையர் விடுதியை முன்மாதிரியாக வையுங்கள். கும்பகோணத்தில் எஸ்.ஐ.ஆர் (தென்னிந்திய ரயில்வே) ரயில் ஏறினால் எழும்பூர், ஊருக்குள் டிராம்.

அவளுடைய மாத வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி மேஜையில் வையுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. சம்பளம், வாடகை, அரிசி விலையை யூகிக்காதீர்கள். கன்னிமாரா நூலகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டி எடுங்கள். அவள் முதல் சம்பளம் 14-ஆம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். வேலையைக் காதலன் வாங்கிக் கொடுத்தால் நாவல் அங்கேயே முடிந்தது. பிறகு வருவது கல்யாணப் பத்திரிகை.

படி 5: முழக்கத்தை வெட்டுங்கள்

முதல் பிரதியில் இப்படி வரும்:

"அவளுக்குள் சுதந்திர தாகம் கனன்றது. இந்த விலங்குகளை உடைத்தெறிவேன் என்று சூளுரைத்தாள்."

கமிஷனர் வீட்டை அளக்க வரும் காட்சியாக இப்படி மாற்றலாம்:

கூடத்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு விழுந்தது. கிணறு பொது. ஊஞ்சல் அந்தப் பக்கம்.
"அடுப்பு?" கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.
"அடுப்பு ஒண்ணுதானே இருக்கு."
"இன்னொண்ணு போட எனக்கு எங்கே இடம்னு எழுதிக்கோங்கோ."
அவன் பென்சிலை நிறுத்திவிட்டு முதல் தடவையாகக் கதவைப் பார்த்தான்.

அவள் கேட்டது அடுப்புக்கு நாலடி இடம். தனிச் சமையல் என்றால் தனிக் குடித்தனம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காதலும் அங்கேதான் தொடங்குகிறது. முகம் தெரியாமல், குரலில்.

படி 6: காலப் பிழை பார்ப்பது

1937-இல் அந்தக் குடும்பத்தில் யாரும் விவாகரத்து கேட்க முடியாது. மதராஸில் அதற்குச் சட்டம் வந்தது 1949-இல். அன்றைக்கு ஆண் இரண்டாம் தாரம் கட்டத் தடையில்லை. "நயா பைசா" 1957. "தமிழ்நாடு அரசு" 1969. நிலத்தை ஏக்கரில் மட்டும் பேசாதீர்கள்: 20 மா ஒரு வேலி. நெல்லைக் கலத்தில் அளந்து எழுதுங்கள், 12 மரக்கால் ஒரு கலம்.

படி 7: முடிவு

நிலம் போயிற்று, கும்பகோணத்து வீட்டில் பாதி நின்றது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னை காலியாகிறது. மூத்தாரின் சம்பந்திகள் மூட்டை முடிச்சோடு வந்து அவள் வாசலில் அறை கேட்டு நிற்கட்டும். வாடகையை அவளே சொல்லட்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வழி. சம்பளம் கையில் இருக்கிற தைரியத்தில் வீட்டை விட்டுக் கொடுத்து அவனை மணக்கலாம். அல்லது காத்திருக்கலாம். 1956 ஜூன் 17-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், அவள் கையில் இருந்த மட்டுப்பட்ட சொத்தை முழுச் சொத்தாக்கியது. அதன் பிறகு மணந்தால் வீடு போகாது. அப்போது அவளுக்கு 40. இரண்டாவதைத் தேர்ந்தால் அந்தப் பதினாலு வருஷத்தை ஒரே அத்தியாயத்தில், அவள் எழுதிவைத்த வாடகை ரசீதுகளாகவே சொல்லிவிடுங்கள்.