டயட்டீஷியன் ஆகப் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, ஆன்லைன்ல மூணு மாசக் கோர்ஸ் இருக்காம், போதுமா?" போதாது. அதை வைத்து நோயாளிக்கு உணவு எழுதித் தருவது ஆபத்து. கிளினிக்கல் நியூட்ரிஷன் (நோயாளிகளுக்கான உணவியல்) பட்டப்படிப்பையே 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. நேரில் போய்ப் படியுங்கள். அப்புறம் முதுநிலைப் பட்டமோ முதுநிலை டிப்ளமாவோ, மருத்துவமனைப் பயிற்சி, அதன்பின் இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) தேர்வு. கல்லூரியில் சேரும்போதே பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுவிடுங்கள். கடைசி செமஸ்டரில் தேடுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

"சமையல் படிப்புதானே" என்று உயிர்வேதியியலை ஒப்பேற்றுவது இன்னொரு தவறு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், அப்புறம் பொட்டாசியம், இந்த ரத்த அளவுகளைப் பார்த்து அர்த்தம் புரியவில்லை என்றால் வார்டில் நமக்கு வேலையே இல்லை.

ஆனால் பெரிய தவறு எது என்றால், சாப்பாட்டை விசாரிக்கத் தெரியாமல் சார்ட் (உணவுப் பட்டியல்) எழுதுவது. நானும் செய்தேன். பயிற்சிக் காலத்தில் சர்க்கரை குறையாத ஓர் ஆச்சியிடம், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, ராத்திரி இடியாப்பம் என்றார். கணக்குப் போட்டால் 1,000 கலோரிகூடத் தேறவில்லை. அவர் உடம்போ அப்படிச் சொல்லவில்லை. மூத்த டயட்டீஷியன் வந்து, "ஆச்சி, வீட்டுல இப்ப என்ன பலகாரம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பேத்தி கல்யாணத்துக்குச் செய்த மனகோலமும் மாவுருண்டையும் டின்னில் இருந்தன. நாலு மணிக்குக் காப்பியோடு இரண்டு, போகிற வருகிற போது ஒன்று. "அதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா?" என்றார் ஆச்சி. அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு. அன்றிலிருந்து பலகாரம், ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஒவ்வொன்றையும் பேர் சொல்லித்தான் கேட்கிறேன்.

எண்ணெய்க்கும் அதே கதை. "கொஞ்சமாத்தான் ஊத்துவோம்" என்பார்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேருக்கு 5 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 42 மில்லி. அதிலேயே 340 கலோரி போய்விடுகிறது.

ஊர்ச் சாப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதும் வேண்டாம், ஒதுக்குவதும் வேண்டாம். கவுனி அரிசியின் கறுப்புத் தவிட்டில் ஆந்தோசயனின் என்ற நிறமிச் சத்து இருப்பது உண்மை. ஆனால் கல்யாண வீட்டுக் கவுனியில் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்தே இருக்கின்றன. கும்மாயம் என்கிற உளுந்து இனிப்பில் புரதம் இருக்கிறது, கூடவே கருப்பட்டியும் இருக்கிறது. ரத்தச் சர்க்கரைக்குக் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்காக ஓட்ஸும் புரோக்கோலியும் எழுதிக் கொடுத்தால் பள்ளத்தூர் ஆச்சி வீட்டில் யார் சமைப்பது? இட்லியில் ஒன்றைக் குறைத்து, வெண்டைக்காய் மண்டியில் (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் குழம்பு) காயைக் கூட்டுங்கள் என்றால் அன்று சாயந்திரமே செய்வார்கள்.

மருந்தைப் பார்க்காமல் உணவை மாற்றவே கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவரிடம் திடீரென்று சோற்றைப் பாதியாக்கச் சொன்னால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

சிறுநீரக நோயாளிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டுகளில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். உப்பைக் குறையுங்கள் என்று நாம் சொல்ல, வீட்டில் பாசத்தோடு அதை வாங்கி வந்துவிடுவார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இன்னொன்று, டயாலிசிஸுக்கு முன் குறைத்த புரதத்தை டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கூட்ட வேண்டும். ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. பழைய சார்ட்டையே கையில் வைத்துக்கொண்டு மெலிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டுவிட்டு அந்தப் பழைய தாளை நீங்களே வாங்கிக் கிழித்துப் போடுங்கள்.