நியூரோஃபீட்பேக்குக்குப் போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வேண்டாம்

நம் மூளை அலைகளைத் திரையில் பார்த்துக்கொண்டே மனதை அமைதிப்படுத்தப் பழகும் பயிற்சிதான் நியூரோஃபீட்பேக். சனிக்கிழமை பயிற்சி என்றால் வெள்ளிக்கிழமை இரவே எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலைக்குக் குளித்துவிடுங்கள். முதல் தடவை நான் வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு போனேன். பயிற்சியாளர் உச்சந்தலையில் பசை தடவிச் சென்சாரை வைக்க வைக்க அது வழுக்கியது. திரையில் அலைக்குப் பதிலாக வெறும் கிறுக்கல். அரை மணி நேரம் அதிலேயே போய்விட்டது. கம்மலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். காது மடலில் கிளிப் மாட்டுவார்கள்.

எனக்குச் சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் கணக்கு வேலை. மாதக் கடைசி வந்தால் விடியற்காலை 3 மணிக்கு விழிப்புத் தட்டும், நெஞ்சு படபடக்கும். முதலில் பலதுறை மருந்தகத்துக்குத்தான் (பாலிகிளினிக்) போனேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். படபடப்புக்குத் தைராய்டோ இரத்தசோகையோகூடக் காரணமாக இருக்கலாம். வலிப்பு வந்தவர்களும் மனநல மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. நான் விசாரித்த ஓரிடத்தில், "மருந்தே தேவைப்படாது, 40 அமர்வுக்கும் இப்போதே பணம் கட்டிவிடுங்கள்" என்றார்கள். யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? மூளை எழுப்பும் மிக நுண்ணிய மின் அலைகளைச் சென்சார் படிக்கிறது. தலைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்துவதில்லை. கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது ஓங்குவது ஆல்பா, நொடிக்கு 8 முதல் 12 சுற்று. பரபரப்பிலும் கவலையிலும் அதைவிட வேகமான பீட்டா கூடலாம். எனக்கு ஒரு கடற்கரைப் படம் வைத்தார்கள். ஆல்பா ஏறினால் படம் வெளிச்சமாகும், பீட்டா ஏறினால் மங்கும்.

பயிற்சி தொடங்கும் முன் ஒன்று கேளுங்கள்: "அலையை அப்படியே காட்டுங்கள்." பின்மண்டையில் சென்சாரை வைக்கச் சொல்லிக் கண்ணை மூடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில நொடியிலேயே ஆல்பா எழும். 1929-இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலைகளைப் பற்றி முதன்முதலாக எழுதிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது. அப்புறம் பல்லைக் கடித்துப் பாருங்கள். கோடு முழுக்கப் பேனாவால் கிறுக்கியது போல ஆகிவிடும். அது மூளை அலை இல்லை, தாடைத் தசையின் மின்சாரம். நான் கடிக்காத நேரத்திலும் என் கோடு கிறுக்கலாகவே இருந்தது. பயிற்சியாளர், "அக்கா, தாடையைக் கொஞ்சம் விடுங்க" என்றார். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே கணக்குப் பார்க்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாக்கை மேல் அண்ணத்தில் லேசாக வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு அரிசி மணி அளவு இடைவெளி விட்டேன். கிறுக்கல் அடங்கியது.

படத்தை வெளிச்சமாக்க வேண்டும் என்று முயன்றால் அது இன்னும் மங்கும். நான்கு அமர்வு இப்படியே மல்லுக்கட்டினேன். மூச்சை வெளியே விடும்போது தோளையும் சேர்த்து விடுங்கள், திரையை வேடிக்கை பார்ப்பதுபோல் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பயிற்சிக்கு முன் கோப்பி வேண்டாம். முடிந்தபின் தலைவலியோ எரிச்சலோ வந்தால் உடனே சொல்லுங்கள், கருவியின் அமைப்பை மாற்றுவார்கள்.

கருவி இல்லாமலும் அதையே செய்து பழக வேண்டும், இல்லாவிட்டால் கடற்கரை அந்த அறையிலேயே தங்கிவிடும். வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் காதிப் நிலையம் தாண்டினால் இயோ சூ காங் வரை இடையில் நிறுத்தம் இல்லாத நீண்ட ஓட்டம். அந்தத் தூரம் முழுவதும் தாடை, தோள், மூச்சு. ரயில் கதவு திறக்கும் மணிச் சத்தம் கேட்டுத்தான் கண் திறப்பேன்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு விழித்தேன், படபடப்புப் பத்துக்கு எத்தனை, எத்தனை கோப்பி என்று தினமும் எழுதுங்கள். அவரவர் மூளை அலையோடு தொடர்பில்லாத படத்தைக் காட்டும் போலிப் பயிற்சியோடு ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவற்றில் இரு தரப்புக்கும் ஒரே அளவு நன்மைதான் கிடைத்திருக்கிறது. அதனால் யார் சொல்வதையும்விட உங்கள் நோட்டை நம்புங்கள். 10 அமர்வு முடிந்ததும் எடுத்துப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். எனக்கு வாரத்தில் 5 இரவு இருந்த விழிப்பு 2 ஆனது. அதே மாதங்களில் ஆலோசகரையும் பார்த்தேன், மாலைக் கோப்பியையும் விட்டேன். எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்காதீர்கள். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் எண் 1767. இரண்டுமே 24 மணி நேரமும் எடுப்பார்கள்.