திறந்தவெளிச் சுரங்கத்தில் டம்பர் சாலைக்கு அளவு போடுவது எப்படி?

சுரங்கச் சாலையின் எல்லா அளவும் அங்கே ஓடப்போகும் மிகப் பெரிய டம்பரிலிருந்துதான் (பாறையும் மண்ணும் ஏற்றிச் செல்லும் ராட்சத லாரி) வரும், அதனால் முதலில் அதன் அளவுத்தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு கேட்டர்பில்லர் 797எஃப்: சுமை 363 டன், சுமையோடு மொத்தம் 620 டன்னுக்கு மேல், அகலம் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, டயர் உயரம் சுமார் 4 மீட்டர்.

முதலில் அகலம். இருவழிச் சாலைக்கு வண்டி அகலத்தைப் போல மூன்றரை மடங்கு, அதாவது 35 மீட்டர். ஒருவழி என்றால் இரண்டு மடங்காவது வேண்டும். வளைவில் இன்னும் கூட்டுங்கள்.

அப்புறம், வண்டி விளிம்பைத் தாண்டிப் போகாமல் தடுக்கும் ஓரத்து மண்கரை. டயர் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும், இங்கே 2 மீட்டர். அந்த உயரத்துக்கு மண் குவித்தாலே அடியில் 6 மீட்டர் போய்விடும். இதையும் வடிகாலையும் 35 மீட்டருக்குள் திணிக்காதீர்கள், தனியாகச் சேருங்கள்.

ஏற்றம் 8 முதல் 10 சதவீதம். 100 மீட்டர் ஆழத்துக்கு 10 சதவீதத்தில் 1000 மீட்டர் சாலை, 8 சதவீதத்தில் 1250 மீட்டர். நீளத்தை மிச்சப்படுத்தலாம் என்று செங்குத்தாக்கினால் ஏறும்போது வண்டி ஊர்ந்து போகும், இறங்கும்போது பிரேக் சூடேறும். ஏற்றம் வழிநெடுக ஒரே சீராக இருக்கட்டும், இறக்கத்தின் அடியில் குறுகிய வளைவு வேண்டவே வேண்டாம்.

காகிதத்தில் தெரியாத ஏற்றம் ஒன்று உண்டு, அதுதான் உருளும் தடை, அதாவது டயர் உருளும்போது சாலை தரும் எதிர்ப்பு, வண்டி எடையில் இத்தனை சதவீதம் என்று சொல்வது. கெட்டியான சாலையில் இது 2 சதவீதம் அளவில் இருக்கும், டயர் புதையும் சேற்றில் 5 சதவீதத்தைத் தாண்டும். 620 டன் வண்டிக்கு ஒவ்வொரு சதவீதமும் ஆறு டன்னுக்கு மேல் கூடுதல் இழுவை, ஆக 8 சதவீத ஏற்றத்தில் தடை 4 சதவீதம் ஆகிவிட்டால் எஞ்சின் 12 சதவீத ஏற்றத்தை ஏறுகிற பாடு படும். எனவே அடியில் உடைத்த பாறையைத் தடிமனாகப் பரப்பி ரோலரால் நன்றாக இறுக்குங்கள், மேலே நொறுக்கிய சிறு ஜல்லி. வண்டியிலிருந்து சிந்தும் கூரான கல்லை உடனுக்குடன் அகற்ற வேண்டும், டயரைக் கிழிப்பது அதுதான்.

சரி, தண்ணீர். சாலையைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம் என்பேன். ஒரு சின்னப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு டயரும் அதை அழுத்தி நுண்மண்ணை வெளியே பீய்ச்சும், பள்ளம் பெரிதாகிக்கொண்டே போகும். குறுக்கே 2–3 சதவீதச் சாய்வு கொடுத்து வடிகாலில் இறக்கிவிடுங்கள், மண்கரையால் தண்ணீர் தேங்கும் இடங்களில் அதில் திறப்பும் விடுங்கள். தூசிக்கு நீர் தெளிக்கும்போதும், சரிவான பகுதியில் முழுவதையும் நனைக்காமல் விட்டுவிட்டுத் தெளியுங்கள், இடையில் காய்ந்த தரை இருந்தால்தான் பிரேக் போடும்போது டயருக்குப் பிடிப்பு கிடைக்கும்.