காயப் பதிவேடு: புதிதாக வரும் செவிலியருக்கு

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் அடிபட்டு வருகிறவர்களின் பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) புத்தகம் இருக்கும்போது இது எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஏ.ஆர். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற ஆவணம். பதிவேடு நமக்காக, நாம் எங்கே தாமதிக்கிறோம் என்று காட்டுவது அதுதான்.

வார்டில் சேர்ந்தவர்களை மட்டும் ஏற்றாதீர்கள். வந்த அரை மணி நேரத்தில் இறந்தவரும், பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் செய்யப்பட்டவரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். நமக்கு அதிகம் சொல்லித்தருகிறவர்கள் அவர்களே.

அடுத்தது நேரம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அடிபட்ட நேரம், 108 போய்ச் சேர்ந்த நேரம், நம் வாசலுக்குள் நுழைந்த நேரம், சி.டி. ஸ்கேன் எடுத்த நேரம், ஆபரேஷன் தியேட்டருக்குள் போன நேரம் எல்லாம் தனித்தனியாக வேண்டும். ‘இரவு’ என்று எழுதினால் அது பதிவே இல்லை, 23.40 என்று எழுதுங்கள். ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு அடிபட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது, நம்மிடம் வந்த நிமிடத்திலிருந்து அல்ல. 108 ஊழியர் ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். உறவினருக்கு மணி தெரியாவிட்டால், கடை அடைத்தாயிற்றா, கடைசி பஸ் போய்விட்டதா என்று கேளுங்கள், ஓரளவு பிடிபடும். அப்படிப் பிடித்ததை ‘உத்தேசம்’ என்று குறியுங்கள்.

நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண்ணைக் கண், பேச்சு, அசைவு என்று பிரித்தே எழுதுங்கள். மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய் போடுவதற்கு முன் பார்த்த மதிப்பெண்தான் வேண்டும். குழாய் போட்டபின் பேச்சை அளக்க முடியாது.

காயத்தின் கடுமையைச் சி.டி. அறிக்கையும் அறுவைசிகிச்சைக் குறிப்பும் வந்தபின் கணக்கிடுங்கள். அதிகம் அடிபட்ட மூன்று உடற்பகுதிகளில் காயம் எவ்வளவு கடுமை என்று தரப்படும் மதிப்பெண்களை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். தலை 4, மார்பு 3, தொடை எலும்பு 3 என்றால் 16+9+9, மொத்தம் 34. விலா எலும்பு முறிவை எழுத விட்டுவிட்டால் அதே நோயாளி 25 ஆகிவிடுவார். 15-க்கு மேல் போனாலே கடுமையான காயம் என்று வழக்கமாகக் கொள்கிறார்கள்.

மாதாந்திரக் கூட்டத்தில் இந்த எண்ணுக்குத்தான் வேலை. குறைந்த மதிப்பெண் இருந்தும் இறந்தவர்களை முதலில் எடுங்கள். தொடை எலும்பு மட்டும் முறிந்து 9 மதிப்பெண்ணோடு வந்தவர் ஏன் இறந்தார்? ரத்தம் கேட்டது எப்போது, வந்தது எப்போது? எலும்பு மருத்துவரை அழைத்தது எப்போது? யார் பணியில் இருந்தார் என்று அங்கே கேட்கக் கூடாது. பெயர் கேட்கத் தொடங்கினால் பயத்தில் நேரங்கள் திருத்தப்படும். பிறகு பதிவேட்டை நம்ப முடியாது.

இரவில் சி.டி. தாமதமாகிறது என்று தெரிந்து பணிமுறையை மாற்றினால், வாசலிலிருந்து சி.டி. வரையிலான நிமிடங்களை அடுத்த மூன்று மாதங்களுக்குப் பாருங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஆறு மணி நேரம் காத்திருந்த ஒருவர் கணக்கு முழுவதையும் இழுத்துவிடுவார். நிமிடங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். அந்த ஆறு மணி நேரக்காரரின் கேஸ் ஷீட்டைத் தனியாக வரவழைத்து முழுவதும் படியுங்கள்.