ஹைக்கு: கோப்புகளே தரவுத்தளமாக இருக்கும் இயங்குதளத்தை ஒரு மாலையில் ஓட்டிப் பார்க்கலாம்

எனக்குச் சின்னச் சின்ன இயங்குதளங்கள்மேல் தீராத ஆசை. கணினி இப்படியும் இருக்கலாமே என்று சிலர் யோசித்து, அதை ஓடும் அளவுக்குக் கட்டியும் காட்டியிருப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி. இவற்றில் புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது ஹைக்குவை. நிறுவுவது சுலபம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், கோப்பு என்பதையே அது வேறு மாதிரி பார்க்கிறது. அந்த இடம்வரை உங்களைக் கூட்டிப்போகத்தான் இந்தச் செய்முறை.

முன்கதை கொஞ்சம். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி காஸே 1990-இல் தொடங்கிய பீ நிறுவனம், பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. 1996-இல் அதை வாங்கப் பேச்சு நடத்திய ஆப்பிள், கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. 2001-இல் பீயின் சொத்துகள் பாம் நிறுவனத்துக்குப் போயின. பீஓஎஸ்ஸைக் கைவிட மனமில்லாத தன்னார்வலர்கள், அதே ஆண்டு அதைத் திறமூலமாக, அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய விதத்தில், முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்கள். ஹைக்கு என்ற பெயர் 2004-இல் வந்தது. ஐந்தாவது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, 2024 செப்டம்பரில் வெளியானது. இத்தனை ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஆர்வத்தாலேயே ஒரு முழு இயங்குதளத்தை வளர்த்து வருகிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: மெய்நிகர் கணினி

புது இயங்குதளத்தை நேரடியாக உங்கள் வன்தட்டில் போடாதீர்கள். பல வருடம் முன்பு அப்படிச் செய்யப்போய், தவறான பகிர்வை (வன்தட்டைப் பிரித்து வைத்த பகுதிகளில் ஒன்றை) தேர்ந்தெடுத்துப் பழைய படங்களையெல்லாம் இழந்தேன். உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போலியாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் இருந்தால் அந்தப் பயமே இல்லை.

ஹைக்கு தளத்திலிருந்து 64-பிட் 'எனிபூட்' ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கிக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினி ஒன்றை உருவாக்கி, வகையாக 'அதர்', பதிப்பாக 'அதர்/அன்னோன் 64-பிட்' என்று கொடுங்கள். நினைவகம் 2 ஜிபி, வட்டு 10 ஜிபி தாராளம். ஐஎஸ்ஓவை அதன் சிடி டிரைவில் இணைத்து இயக்குங்கள்.

படி 2: நிறுவுதல்

மொழியைக் கேட்கும் சாளரத்திலேயே இரண்டு வழிகள் இருக்கும்: நிறுவாமல் சும்மா பார்ப்பது, நிறுவுவது. நிறுவுவதைத் தேர்ந்தெடுங்கள். வட்டு காலியாக இருப்பதால் நிறுவ இடமில்லை என்று எச்சரிக்கை வரும். அங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. டிரைவ்செட்டப் என்ற கருவியில் அந்த 10 ஜிபி வட்டைத் தேர்ந்தெடுத்து, 'இன்டெல் பார்டிஷன் மேப்' என்று தயார்செய்யுங்கள். பிறகு அந்தக் காலி இடத்தில் ஒரு பகிர்வை உருவாக்கி, 'ஆக்டிவ்' என்ற பெட்டியை டிக் செய்து, பீ ஃபைல் சிஸ்டமாக (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடான கோப்பு முறைமை இது) ஃபார்மேட் செய்யுங்கள். டிரைவ்செட்டப்பை மூடினால் இன்ஸ்டாலரில் அந்தப் பகிர்வு தெரியும். அதைக் குறித்துத் தொடங்கிவிடுங்கள். முடிந்ததும் ஐஎஸ்ஓவை அகற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள்.

படி 3: கை பழகுதல்

சாளரத்தின் தலைப்பு முழு அகலத்துக்கு ஓடாமல், மஞ்சள் நிறக் காகிதத் தாவல்போல மேலே ஒட்டியிருக்கும். மூலையில் இருக்கும் டெஸ்க்பாரில்தான் எல்லாப் பயன்பாடுகளும் உள்ளன. நகலெடுக்கக் கன்ட்ரோல் அல்ல, ஆல்ட்டுடன் சி. இதற்கு விரல்கள் பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.

படி 4: கோப்பே பதிவேடு

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். டெஸ்க்பாரில் 'பீப்பிள்' என்ற பயன்பாட்டைத் திறங்கள். முகவரிப் புத்தகம்தான், ஆனால் அதன் பின்னால் தனித் தரவுத்தளம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஆளும் ஒரு கோப்பு. பெயர், தொலைபேசி, குழு எல்லாமே அந்தக் கோப்பின் பண்புகளாக, கோப்பு முறைமையிலேயே பதிகின்றன.

நாலைந்து கற்பனை ஆட்களை உருவாக்குங்கள். குழு என்ற இடத்தில் இரண்டு பேருக்கு 'செஸ்', மற்றவர்களுக்கு 'சைக்கிள்' என்று கொடுத்துச் சேமியுங்கள். அப்புறம் டெஸ்க்பாரிலிருந்து தேடல் சாளரத்தைத் திறந்து, கோப்பு வகையை 'பெர்சன்' என்று மாற்றுங்கள். பெயரால் தேடுவதற்குப் பதில் பண்பால் தேடு என்று வைத்து, குழு 'செஸ்' என்று கொடுத்துத் தேடுங்கள். இரண்டு பேர் வருவார்கள்.

அந்தச் சாளரத்தை மூடாமல் வைத்துக்கொண்டு, சைக்கிள்காரர் ஒருவரின் குழுவை 'செஸ்' என்று மாற்றிச் சேமித்துப் பாருங்கள். நீங்கள் எதையும் புதுப்பிக்காமலே அவர் தேடல் சாளரத்தில் வந்து உட்கார்வார். முதல்முறை இதைப் பார்த்தபோது நான் அதே மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பண்புகளுக்குக் கோப்பு முறைமையே அட்டவணை வைத்திருப்பதால், வட்டு முழுவதையும் துழாவாமல் பதில் வருகிறது. மின்னஞ்சலும் இங்கே அப்படித்தான்: ஒவ்வொரு கடிதமும் ஒரு கோப்பு, அனுப்பியவரும் பொருளும் அதன் பண்புகள். பீஓஎஸ்ஸுக்கு இந்தக் கோப்பு முறைமையை எழுதியவர்களில் ஒருவரான டொமினிக் ஜாம்பவோலோ, பின்னர் ஆப்பிளில், மேக் கணினிகளில் கோப்புகளைத் தேடும் வசதியான ஸ்பாட்லைட்டில் வேலை செய்தார். ஸ்பாட்லைட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சாளரம் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரியலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த ஆட்களின் கோப்புகளை ஃபேட் என்ற வேறு கோப்பு முறைமையில் உள்ள பென் டிரைவுக்கு அப்படியே நகலெடுத்தால் பண்புகள் எல்லாம் உதிர்ந்து, வெறும் கூடுதான் மிஞ்சும். முதலில் ஹைக்குவிலேயே ஜிப் செய்துவிடுங்கள். ஹைக்குவின் ஜிப் பண்புகளையும் சேர்த்தே கட்டும், மறுபடி ஹைக்குவில் பிரிக்கும்போது அவை அப்படியே திரும்ப வரும்.