வீடற்றிருந்தவருக்கு வீடு கிடைத்த பிறகு: சாமான் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுக்கணக்கில் தெருவிலும் தங்குமிடங்களிலும் கழித்த ஒருவருக்கு ஒருவழியாக வீடு கிடைத்து, சாவியும் கைக்கு வந்துவிடுகிறது. கதவைத் திறந்தால் நான்கு சுவரும் வெறுந்தரையும்தான். அன்றிரவும் பையைத் தலைக்கு வைத்துத்தான் படுக்க வேண்டுமென்றால், அதை எப்படி வீடு என்று சொல்வது? இந்த இடத்தில்தான் உதவி தேவைப்படுகிறது. நல்ல மனத்தோடு வருகிறவர்களே தவறு செய்வதும் இங்கேதான்.

கால் ஆடும் நாற்காலி, நடுவில் குழி விழுந்த மெத்தை, கைப்பிடி இல்லாத வாணலி. ‘ஒன்றும் இல்லாதவருக்கு இதுவாவது ஆகட்டும்’ என்று இவற்றைக் கொடுத்துவிடுகிறோம். அந்த ‘இதுவாவது’ என்ற சொல்லை முதலில் விட்டுவிட வேண்டும். உடைந்த பொருளைத் தூக்கிப்போடும் வேலையும் செலவும் அவர் தலையில்தான் விழும்.

இதைவிடப் பெரிய தவறு, கேட்காமல் கொடுப்பது. தங்குமிடத்தில் எந்தக் கட்டில், எப்போது சாப்பாடு, எத்தனை மணிக்கு விளக்கணைப்பது என எல்லாவற்றையும் பிறர்தான் முடிவு செய்திருப்பார்கள். சொந்த வீட்டிலும் போர்வையின் நிறம்வரை நாமே தீர்மானித்தால் என்ன மாறியது? 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய, வீடற்றவருக்கு நிபந்தனை போடாமல் முதலில் வீட்டைக் கொடுத்துவிடும் ‘முதலில் வீடு’ (Housing First) என்ற அணுகுமுறையின் அடிப்படைகளில் ஒன்றே, குடிவருபவரின் விருப்பத்தை மதிப்பது. பழைய சாமான்களைச் சேகரித்து வழங்கும் அமைப்புகள் பல, அவற்றைக் கடைபோல அடுக்கிவைத்து, வருபவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. அதற்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். இரண்டு திரைச்சீலைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கால்மணி நேரம் நின்றால் அவசரப்படுத்தாதீர்கள்.

திரைச்சீலை என்றதும் நினைவுக்கு வருகிறது: சோபாவும் மேசையும் பிறகு வரலாம். முதல் இரவுக்கு வேண்டியவை மெத்தை, தலையணை, போர்வை, பல்பு, சோப்பு, துண்டு, மூடியோடு ஒரு பாத்திரம், கத்தி, தட்டு, குவளை. இந்தப் பட்டியலில் திரைச்சீலையையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் பிறர் பார்வையிலேயே தூங்கிப் பழகியவருக்கு, மூடிக்கொள்ள ஒரு ஜன்னல் இருப்பது சின்ன விஷயமல்ல.

பாதுகாப்பில் கவனக்குறைவு கூடவே கூடாது. மூட்டைப்பூச்சி ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் ‘ரொம்ப நாளாக யாரும் படுக்காத மெத்தை’ என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. மெத்தையின் தையல் ஓரங்களை விரலால் விரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அதை வண்டியிலேயே ஏற்ற வேண்டாம். முடிந்தால் மெத்தையை மட்டுமாவது புதிதாக வாங்கிக் கொடுங்கள். பழைய துணிகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்துக் கொடுங்கள். குழந்தைக் கட்டிலில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பக்கத் தடுப்பு கீழிறங்கும் வகைக் கட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், அமெரிக்கா 2011இல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. கம்பிகளுக்கு இடையே சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும் ஆபத்துதான். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் விட்டு வராதீர்கள். குழந்தை இழுப்பறையைப் பிடித்து ஏறினால் அது அப்படியே கவிழும்.

அளவெடுக்காமல் வண்டி ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. கதவு, மாடிப்படித் திருப்பம், அறை மூன்றையும் அளந்துவிட்டே அலமாரியைத் தூக்குங்கள்.

புகைப்படம் எடுக்காதீர்கள். உதவி பெறும் நிலையில் இருப்பவரால் ‘வேண்டாம்’ என்று எளிதில் சொல்ல முடியாது. அவர் வீடற்றிருந்தவர் என்பதைப் புதிய அக்கம்பக்கத்தார் அந்தப் படத்தின் வழியாக அறிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியாக, சாமானை இறக்கிவிட்டு அத்தோடு மறைந்துவிடாதீர்கள். சிலர் கட்டில் வந்த பிறகும் பல வாரங்கள் தரையிலேயே படுப்பார்கள். பையைப் பிரிக்காமல் கதவோரம் வைத்திருப்பார்கள். அதை நன்றிகெட்டத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். உடம்புக்கு நம்பிக்கை வர நாளாகும். ஒரு மாதம் கழித்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போய், எது வேண்டும், எதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று விசாரியுங்கள். கையோடு ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருக்கட்டும்; கட்டிலின் திருகு ஏதாவது அதற்குள் தளர்ந்திருக்கும்.