குதிரை வாங்குமுன் பார்த்துச் சோதிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் இன்று குதிரை வாங்குகிறவர் திருமண ஊர்வலத்துக்கோ சாரட்டு வண்டிக்கோ வாங்கலாம். சவாரி பழகும் ஆசையாலும் வாங்கலாம். தேவை எதுவானாலும் ஏமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. விற்பவர் காட்டிய குதிரையை, அவர் குறித்த நேரத்தில், அவர் காட்டிய விதத்தில் மட்டும் பார்த்துவிட்டு அச்சாரம் கொடுத்துவிடுவதே அந்தத் தவறு. கைப்பேசியில் வந்த காணொளியை நம்பி முன்பணம் அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. காணொளியில் பிடரியும் வாலும் நன்றாகத் தெரியும். குளம்பு தரையில் எப்படிப் படுகிறது என்பது தெரியாது.

நாம் போய்ச் சேரும்போது குதிரை சேணம் கட்டி, குளித்து, தயாராக நின்றால் மகிழ வேண்டியதில்லை. பழைய மூட்டு வலியுள்ள குதிரை கொட்டிலிலிருந்து வெளியே வரும் முதல் சில நிமிடங்களில்தான் விறைத்து நடக்கும். கொஞ்சம் ஓட்டிவிட்டால் அந்த விறைப்பு தளர்ந்துவிடும். அடங்காத குதிரையும் முன்கூட்டியே ஓட்டிக் களைக்க வைத்தால் சாதுவாகத் தெரியும். ஆகவே, "அண்ணே, நான் வர்ற வரைக்கும் குதிரையை வெளியே எடுக்காதீங்க, கொட்டில்லயே இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போனதும் சேணம் படும் இடத்திலும் முன்கால்களின் இடுக்கிலும் கை வைத்துப் பாருங்கள். ஈரமோ காய்ந்த உப்புத் தடமோ இருந்தால் குதிரை ஏற்கெனவே ஓடியிருக்கிறது. வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைப்பதும், மயக்க மருந்து கொடுத்து முரட்டுத்தனத்தை மறைப்பதும் இந்த வியாபாரத்தில் நடக்கக்கூடியவையே. கீழுதடு தொங்கி, கண் பாதி மூடி, தலை தாழ்ந்து நின்றால் சந்தேகப்பட வேண்டும். சில நாள் கழித்து, சொல்லாமல் இரண்டாம் முறை போய்ப் பார்ப்பதைப் போன்ற சோதனை வேறில்லை. உண்மையாக விற்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

நம்மில் பலர் குதிரை பார்க்கப் போனதும் முதலில் சுழி பார்க்கிறோம். அது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால், "சுழி சுத்தம்" என்று தரகர் சொன்னவுடன் மனம் நிறைந்து, நான்கு கால்களையும் தூக்கிப் பார்க்காமல் திரும்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு காலையும் தூக்கச் சொல்லி, குளம்பின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். அடியில் உள்ள முக்கோண வடிவ மென்பகுதி ரப்பர்போல உறுதியாக இருக்க வேண்டும். அது கறுத்துக் குழைந்து அழுகல் நாற்றம் வீசினால், குதிரை நெடுநாள் ஈரத்திலும் சாணத்திலும் நின்றிருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு போன்ற தாழ்வான இடங்களில் கட்டியிருந்த குதிரை என்றால் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். இந்த அழுகல் ஆழமாகப் போகாதிருந்தால் குணமாகிவிடும்.

அதைவிடக் கவலைக்குரியது குளம்பின் வெளிச்சுவரில் தெரியும் வளையங்கள். முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் வளையங்கள் ஓடினால், அந்தக் குதிரைக்குக் குளம்பின் உள்ளே அழற்சி வந்து போயிருக்கலாம். மீண்டும் வரவும் கூடும். முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே சாய்த்து நிற்கும் குதிரையை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். குளம்பைப் பார்த்தபின், முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக ஓடும் தசைநாரை விரல்களால் மேலிருந்து கீழாகத் தடவி, இரு கால்களையும் ஒப்பிட வேண்டும். ஒன்றில் சூடோ வீக்கமோ தடிப்போ இருந்தால், அது பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்ட குதிரைகளில் அடிக்கடி காணும் பழைய காயமாக இருக்கலாம்.

நடையைப் பார்க்கும்போது ஆள் ஏறாமல், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, கெட்டியான தரையில் முதலில் நடத்தியும் பிறகு நிதானமாக ஓட்டியும் காட்டச் சொல்ல வேண்டும். முன்கால் வலிக்கிற குதிரை, வலியுள்ள கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் இந்தத் தலையாட்டம் தெரியாது; அதனால்தான் சிலர் இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டிக் காட்டுகிறார்கள். எண்ணூர்ப் பக்கம் கடற்கரை மணலில் ஓட்டிக் காட்டினால் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் குளம்பு வலியை மணல் மறைத்துவிடும். தசைநார் வலியோ மணலில்தான் கூடுதலாக வெளிப்படும். ஆகவே இரண்டிலும் பார்க்க வேண்டும்.

வயதை விற்பவர் வாயால் கேட்பதைவிடக் குதிரையின் வாயில் பார்ப்பது மேல். முன்பற்களில் நடு இணை ஏறத்தாழ 2½ வயதிலும், அடுத்த இணை 3½ வயதிலும், ஓர இணை 4½ வயதிலும் விழுந்து முளைக்கும். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். மேல் ஓரப் பல்லில் ஈறையொட்டி ஒரு பள்ளக் கோடு ஏறத்தாழ 10 வயதில் தோன்றி, 15 வயதில் பாதிப் பல் வரையும் 20 வயதில் அடி வரையும் இறங்கும். இது தோராயக் கணக்குதான். என்றாலும் "ஏழு வயசுக் குட்டி" என்று பதினைந்து வயதுக் குதிரையைத் தலையில் கட்டுவதைத் தடுக்க இது போதும்.

நிறத்துக்கும் காதுக்கும் பணம் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. காது உள்நோக்கி வளைந்திருந்தாலே அசல் மார்வாரி இனம் என்று சொல்லிவிடுகிறார்கள். கத்தியவாரி இனத்துக்கும் அப்படித்தான் வளையும். கலப்பிலும் அந்த வளைவு வரும். ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை தேடுகிறவர்கள் வாலைத் தூக்கிப் பார்க்க மறக்கக் கூடாது. அடர்ந்த நிறத்தில் பிறந்து வயதாக ஆக வெளுத்த, தோல் கறுத்த குதிரைகளுக்கு வாலடியில் கருங்கட்டிகள் வருவது சாதாரணம். அவை பெருகவும் கூடும்.

நம் பகுதிக்கென்றே உரிய ஒரு தவறு, வெயிலைக் கணக்கில் கொள்ளாதது. அந்தியூர் ஆடிச் சந்தையிலிருந்தோ வட மாநிலச் சந்தைகளிலிருந்தோ இங்கே வந்து இறங்கும் குதிரைகளில் சிலவற்றுக்குக் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை சுரப்பதே குறைந்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளுக்கு இப்படி நேர்வது நெடுங்காலமாக அறியப்பட்டதுதான். வியர்க்காத குதிரையால் உடல் சூட்டைத் தணிக்க முடியாது. மூச்சு இரைத்து, உழைக்க முடியாமல் நின்றுவிடும். காலைக் குளிர்ச்சியில் மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாது. வெயில் ஏறியபின் ஒருமுறை மிதமாக ஓட்டச் சொல்லி, கழுத்தும் விலாவும் நனைகின்றனவா, நிழலில் நிறுத்தியபின் மூச்சு விரைவில் தணிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வாக நிற்கும் நல்ல குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். வெயில் நேரத்தில் இது சற்றுக் கூடலாம்.

சோதனைச் சவாரியில் நேராக நாமே ஏறிவிடுவது ஆபத்தானது. முதலில் விற்பவரோ அவருடைய ஆளோ கடிவாளம் மாட்டி, சேணம் கட்டி, ஏறி ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்களே ஏறத் தயங்கினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். அதன்பின் குதிரையை நமக்கு வேண்டிய வேலையிலேயே சோதிக்க வேண்டும். ஊர்வலக் குதிரைக்கு ஓட்டத்தைவிட நிற்பதுதான் வேலை. பேண்டு வாத்தியம் காதருகே முழங்க, வெடி வெடிக்க, பிள்ளைகள் வாலைத் தொட, அது கால் மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்குமா என்று ஓர் ஊர்வலத்துக்கே உடன் போய்ப் பார்ப்பதுதான் முறை. சாரட்டுக்கு என்றால் வண்டியில் பூட்டி, ஆட்களை ஏற்றி, நிறுத்தி, பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு உரசிப் போகும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மிரளும் குதிரை, தனக்கும் தெருவில் போகிறவருக்கும் கேடு. ஆயினும் முதல் நாளே அங்கே கொண்டுபோகாமல், விற்பவரின் ஆள் கூடவே இருக்க, உள்தெருவில் தொடங்க வேண்டும்.

கடைசியாக, மருத்துவர் செலவை மிச்சம் பிடிப்பது. விற்பவர் அழைத்துவரும் மருத்துவர் வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குத் தொலைவில் இல்லை, குதிரை பார்த்துப் பழகிய மருத்துவரைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய்க்கும், கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் உரிய இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றி உயிரை வாங்கக்கூடியது என்பதால், 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. வில்வாதத் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்ட தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். இரத்த முடிவு கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்கவும் கூடாது; புதிய குதிரையை வீட்டிலுள்ள மற்றக் குதிரைகளோடு ஒரே கொட்டிலில் கட்டவும் கூடாது.